நாலாம் இலக்கில் ஆறு சூடு

“கைப்பிடி இழுக்கிறவளா? நான் கைப்பிடி இழுக்கிறவளா, மெர்வின்?”

“கத்தாத. ஷெட் கதவு திறந்திருக்கு.”

“இருக்கட்டும். ஊரு பூரா சொல்லிட்டு வந்தாச்சு, வீட்டுல மட்டும் என்ன ரகசியம்?”

“வெளியூர்க்காரன் ஒருத்தன் கேட்டான், பதில் சொன்னேன். பப்புல பியரை கையில வச்சுக்கிட்டு கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரியா பேச முடியும்?”

“என்ன கேட்டான்?”

“இவ்ளோ நல்ல தோட்டா யார் போடுறதுன்னு.”

“நீ என்ன சொன்ன?”

மெர்வின் நோஸ்கே ஷெட்டின் கூரையைப் பார்த்தான். கூரையில் பார்க்கிற மாதிரி எதுவும் இல்லை.

“நான் சொல்லட்டுமா? ‘எல்லாம் நான்தான், நோலீன் சும்மா பக்கத்துல நின்னு கைப்பிடி இழுப்பா.’ எல்லாரும் சிரிச்சாங்களாம். நீயும் சிரிச்சியாம்.”

“யார் சொன்னது? அந்த ஜாய்ஸா?”

எதிர்வீட்டு ஜாய்ஸ் அந்த நேரத்தில் தன் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். காலையில் ஒருமுறை விட்டிருந்தாள். மதியம் மூன்று மணிக்கு மறுபடியும் தண்ணீர் கிடைத்ததில் ரோஜாக்களுக்கு அன்று யோகம். சேதியைக் காலையில் பேக்கரி வாசலில் நோலீன் காதில் போட்டதும் அவள்தான். அதற்கு விளைச்சல் எப்படி என்று பார்க்க நின்றிருந்தாள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். அதனால் ரோஜாவுக்காக நின்றாள் என்றே வைத்துக்கொள்வோம்.

யல்லாரு என்ற அந்தச் சின்னக் கோதுமை ஊரில் துப்பாக்கிக் கிளப்பில் இல்லாதவர்கள் இரண்டே வகை. ஒன்று கைக்குழந்தை, இன்னொன்று கல்லறை. கோதுமை அறுப்பு முடிந்து அடுத்த விதைப்புக்கு முன்னால் கிடைக்கும் இரண்டு மாதத்தில் சனிக்கிழமை தவறாமல் எல்லோரும் கிளப் கேப்டன் டட்டனின் மேய்ச்சல் நிலத்தில் வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்து, தொள்ளாயிரம் மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தாள் இலக்கைச் சுடுவார்கள். அவ்வளவு தூரத்துக்குக் கடைத் தோட்டா ஒத்துவராது. சுட்டு விழுந்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, கழுவி, வடிவுக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப் வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து, அழுத்தும் கருவியின் கைப்பிடியை இழுத்துப் பொருத்த வேண்டும். அவரவர் தோட்டாவை அவரவரே செய்துகொள்வது வழக்கம். அடுத்தவர் செய்த தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போடுவதில்லை என்பது அதைவிடப் பெரிய வழக்கம். பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூட இரவல் தருவார்கள், தோட்டாவைத் தர மாட்டார்கள்.

மெர்வின் விஷயத்தில் அந்த வழக்கம் ஏழு வருஷத்துக்கு முன்பே காற்றில் போயிருந்தது. அவனுக்கு விரல் நடுக்கம் வந்திருந்தது. ஒரு தடவை மருந்தே போடாமல் ஒரு தோட்டாவை மூடிவிட்டான். குண்டு குழலின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து மனைவி நோலீன்தான் போட்டாள். இருபத்திரண்டு வருஷம் ஊர் மருந்துக்கடையில் தராசுக்குப் பின்னால் நின்றவள் அவள். மருந்தைத் தட்டில் கொட்டி, கடைசிப் பொடியைச் சிமிட்டா என்ற சின்ன இடுக்கியால் ஒவ்வொரு மணியாக எடுத்து வைப்பாள். முதல் இருபத்து மூன்று வருஷத்தில் நாலு கோப்பை வாங்கிய மெர்வின் அடுத்த ஏழு வருஷத்தில் ஏழு வாங்கினான். ஊரில் எல்லோருக்கும் கணக்குப் பார்க்கத் தெரியும். யாரும் அவன் முகத்துக்கு நேரே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“சுடுறது நான்,” என்றான் மெர்வின் கடைசியாக. “அதைச் சொல்லேன். காத்தைப் படிக்கிறது யாரு? மூச்சைப் புடிக்கிறது யாரு? தோட்டா என்ன, நல்ல தோட்டான்னா குரங்கு கூடவா சுட்டுரும்?”

“பார்ப்போம்,” என்றாள் நோலீன்.

இதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கிப் போயிருந்தது. அது காதில் விழாததில் ஜாய்ஸுக்கு இன்றுவரை வருத்தம்.

மறுநாள் காலை மெர்வின் முடி வெட்டிக்கொள்ளப் போனான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் யல்லாரு கோப்பைப் போட்டி. இந்த வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்களும் வருகிறார்கள் என்பதால் கழுத்துப் பின்னால் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தான். படுத்துக்கொண்டு சுடுகிறவனுக்கு அது ஒன்றுதானே வெளியே தெரியும்.

நோலீன் ஷெட்டுக்குப் போனாள். ஐம்பது பித்தளைக் கூடுகள் கழுவி, கேப் வைத்து, மரச்சட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. தராசைச் சரி பார்த்தாள். முதல் கூட்டுக்குச் சரியாக நிறுத்தாள். இரண்டாவதுக்கு நிறுத்து முடித்து, சிமிட்டாவை எடுத்து, தட்டிலிருந்து கொஞ்சம் மருந்தைத் திரும்ப எடுத்தாள். மூன்றாவதில் அதில் பாதியை எடுத்தாள். நாலாவது சரியாக. ஐந்தாவதில் மறுபடி குறைத்தாள். மருந்து குறையக் குறையக் குண்டு இலக்கில் கீழே இறங்கும்.

எல்லாவற்றிலும் ஒரே மாதிரி குறைத்திருந்தால் மெர்வின் இரண்டே சூட்டில் புரிந்துகொண்டு, குறியை ஏற்றிச் சமாளித்திருப்பான். இப்படி ஏறியும் இறங்கியும் இருந்தால் எந்தக் கொம்பனாலும் முடியாது. ஆளுக்கோ துப்பாக்கிக்கோ தீங்கு வராத எல்லை எது என்று அவளுக்குத் தெரியும். அதற்குள்தான் விளையாடினாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேறு எவ்வளவோ இருக்கிறது.

ஐம்பதையும் பச்சைப் பெட்டியில் அடுக்கி, மருந்துக்கடைக் கையெழுத்தில் தேதி எழுதி ஒட்டினாள். அன்றைக்கு மதியம் ஆட்டுக்கறியும் பூசணியும் வைத்து நல்ல சாப்பாடு போட்டாள். மெர்வின் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை குழிக்குப் பொறுப்பு நோலீன். இலக்குகளுக்கு முன்னால் ஒரு மண்மேடு, அதன் மறைவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு குழி. அதற்குள் நின்றுகொண்டு, ஒவ்வொரு சூட்டுக்கும் இலக்கை இறக்கி, ஓட்டை எங்கே என்று பார்த்து, அதில் ஆரஞ்சு வட்டைச் சொருகி, மறுபடி ஏற்றிவிட வேண்டும். தூரத்தில் படுத்திருப்பவன் தொலைநோக்கியில் அந்த வட்டைப் பார்த்துத்தான் தன் தலையெழுத்தைத் தெரிந்துகொள்வான். குழியில் இருக்கிறவர்களுக்கு யார் சுடுகிறார்கள் என்று தெரியாது. தலைக்கு மேல் சாட்டை சொடுக்குகிற மாதிரிச் சத்தம் வரும், அவ்வளவுதான். சுடும் மேட்டோடு பேச ஒரே ஒரு ரேடியோ. அது பொறுப்பாளர் கையில் இருக்கும்.

நோலீன் நாலாம் நம்பர் இலக்கை எடுத்துக்கொண்டாள். மெர்வினுக்கு நாலாம் நம்பர் என்று பட்டியலில் பார்த்து வைத்திருந்தாள். ஒரு இலக்குக்கு இரண்டு பேர், ஆளுக்குப் பத்துச் சூடு, மாற்றி மாற்றிச் சுடுவார்கள். மெர்வினோடு இன்னொருவர் யார் என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. கோபம் அப்படித்தான், ஒரு ஆளுக்கு மேல் அதற்கு இடம் போதாது.

பக்கத்து மூன்றாம் நம்பரில் ஜாய்ஸ் தெர்மாஸ் டீயோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன நோலீன், முகத்துல இவ்ளோ வெளிச்சம்?”

“வெயிலு.”

“குழிக்குள்ள ஏது வெயிலு?”

முதல் சூடு விழுந்தது. இலக்கை இறக்கினாள். நடு வட்டத்துக்குள் ஓட்டை. ஐந்து புள்ளி. வட்டைச் சொருகி ஏற்றினாள். அடுத்தவரின் சூடு கீழே இறங்கிப் போயிருந்தது. மூன்று. பிறகு ஒரு ஐந்து. அதற்குப் பிறகு மறுபடி அந்த இரண்டாம் ஆள். இந்தத் தடவை நாலு. ஒருவருக்குக் குண்டு எல்லாம் நடுவில், ஒருவருக்கு ஏணியில் ஏறி இறங்குகிற மாதிரி. இதில் மெர்வின் யார் என்று நோலீனுக்குச் சந்தேகமே இல்லை. கைப்பிடி இழுக்கிறவ, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வட்டைச் சொருகினாள். நாலாவது சுற்றில் அந்த ஆளின் குண்டு எல்லாவற்றையும் விடக் கீழே விழுந்தது. இரண்டு. நோலீன் சிரித்தேவிட்டாள்.

ரேடியோ கரகரத்தது. கிளப் கேப்டன் டட்டனின் குரல்.

“குழி, குழி. நாலாம் நம்பர் ஒருக்கா சரி பாருங்க. ரெண்டுன்னு குத்தியிருக்கீங்க, சுட்டவ நம்ப மாட்டேங்குறா.”

“சுட்டவளா?”

“டானிகா. அந்த ரெண்டு ரெண்டுதானான்னு கேக்குறா.”

நோலீன் இலக்கை இறக்கினாள். ஓட்டை இருந்த இடத்தில் இருந்தது.

“டட்டன், டானிகா... அவ சொந்தத் தோட்டாவா போடுறா?”

“அட அதை ஏன் கேக்குற! பொண்ணு தோட்டாப் பெட்டியை வண்டி மேல வச்சுட்டு அப்படியே ஓட்டிட்டு வந்திருக்கு. பன்னண்டு கிலோமீட்டர் மண் ரோட்டுல விதைச்சுக்கிட்டே வந்திருக்கு. அழாத குறை. அப்புறம் உன் வீட்டுக்காரன்தான் பெரிய மனசு பண்ணி பச்சைப் பெட்டியைத் தூக்கிக் குடுத்தான். அவன் போன மாசத்து மிச்சத்தை வச்சு சுடுறான். ராசியான தோட்டாவாம். ரெண்டா இல்லையா, சொல்லு. நேரம் ஓடுது.”

டானிகா ஷர்மருக்கு இருபத்தேழு வயது. கோதுமையைக் கொட்டிச் சேமிக்கிற சைலோவில் லாரியிலிருந்து மணி எடுத்துச் சோதிக்கிற வேலை. மூன்று வருஷமாக மாநில அணிக்காகத் தவம் கிடக்கிறாள். இந்த இரண்டு நாள் புள்ளிகளை வைத்துத்தான் எட்டு பேரை எடுத்து நியூசிலாந்து அனுப்பப் போகிறார்கள். இன்னும் அவளுக்கு ஆறு சூடு பாக்கி.

நோலீன் ரேடியோவின் பொத்தானை அழுத்தினாள். நாலாம் நம்பரை நிறுத்துங்க என்று சொன்னால் போதும். ஏன் என்று டட்டன் கேட்பான். சுடும் மேட்டில் இருக்கும் அறுபது பேரும் அந்த ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாநில ஆட்கள் இரண்டு பேர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். புருஷனைக் கவிழ்க்கத் தோட்டாவில் கைவைத்தேன் என்று அத்தனை பேர் காதிலும் சொல்ல வேண்டும்.

“ரெண்டுதான்,” என்றாள். “சரியா இருக்கு.”

பிறகு ஆறு தடவை அந்த இலக்கை இறக்கினாள், ஆறு தடவை ஏற்றினாள். நடுவில் தற்செயலாய்ச் சரியான தோட்டா வந்தபோது ஐந்து விழுந்தது. அது இன்னும் மோசம். அந்தப் பெண் அங்கே என்ன நினைப்பாள் என்று நோலீனுக்குத் தெரிந்தது. இப்போ பிடிச்சுட்டேன் என்று நினைப்பாள். அடுத்தது மூன்றுக்குப் போகும். இந்தத் தோட்டா இல்லாவிட்டால் அடுத்த தோட்டாவாவது நன்றாக இருக்க வேண்டும் என்று நோலீன் ஒவ்வொரு தடவையும் வேண்டிக்கொண்டாள். தன் கையால் செய்ததைப் பற்றித் தானே கடவுளிடம் சிபாரிசுக்குப் போகிறோமே என்ற வெட்கம்கூட அப்போது இல்லை.

“உனக்கு என்ன ஆச்சு?” என்றாள் ஜாய்ஸ். “முகம் சுண்ணாம்பு மாதிரி இருக்கு.”

“தலைவலி.”

“இப்பதான் வெயிலுன்ன.”

டானிகாவுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தொன்று. மெர்வினுக்கு நாற்பத்தொன்பது.

குழியிலிருந்து வண்டியில் திரும்பி வந்தபோது, டீப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மெர்வின் ரொட்டிக்குள் வைத்த சாசேஜை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான்.

“பாருங்கப்பா. அதே இலக்கு, அதே காத்து, ஒரே ஷெட்டுல செஞ்ச தோட்டா. எனக்கு நாப்பத்தொம்போது, பாவம் அந்தப் பொண்ணுக்கு நாப்பத்தொண்ணு. தோட்டா தோட்டான்னு சிலர் குதிக்கிறாங்க. விஷயம் இங்க இருக்கு.” நெற்றியைத் தொட்டுக் காட்டினான். அதில் தக்காளி சாஸ் ஒட்டியது.

நோலீனைப் பார்த்துத்தான் அதைச் சொன்னான். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபத்தைத் தேடிப் பார்த்தாள், அது இருந்த இடத்தில் வேறு ஏதோ உட்கார்ந்திருந்தது.

டானிகா தன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து துப்பாக்கியின் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.

“நோலீன், நீங்கதானே என் இலக்கைப் பார்த்தீங்க. உங்களுக்கு என்ன தோணுச்சு? மேலயும் கீழயும்தானே போச்சு? பக்கவாட்டுல போகவே இல்லையே?”

“காத்தா இருக்கும்.”

“காத்து எப்படி மேலயும் கீழயும் இழுக்கும்?”

“மேட்டுல மோதித் திரும்புற காத்து,” என்றாள் நோலீன். “சில நாள் அப்படி.”

பெண் அதை நம்பினாள். நம்பினதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, சூடு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“நான் நாளைக்கு வரல நோலீன். டட்டன் பையன் இந்தத் துப்பாக்கியை ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான். குடுத்துடலாம்னு பார்க்கிறேன். மூணு வருஷம் போதும். எனக்குக் கையில இல்ல போல.”

“வா,” என்றாள் நோலீன். “நாளைக்கு ஒரு நாள் வா. எனக்காக வா.”

“உங்களுக்காகவா?”

“அந்தப் பச்சைப் பெட்டியைக் குடு. வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைச்சு வைக்கிறேன். மண்ணு பட்டிருக்கும்.”

மெர்வின் பப்பில் தன் நாற்பத்தொன்பதைக் கொண்டாடிக்கொண்டிருந்த மாலைப் பொழுதில், நோலீன் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு புதிதாக நாற்பது தோட்டா போட்டாள். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாகப் போட்டதில்லை. ஒவ்வொன்றையும் மூன்று தடவை நிறுத்தாள். நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பச்சைப் பெட்டியில் மிச்சம் இருந்த பழைய தோட்டாக்களை எடுத்துவிட்டு இவற்றை வைத்தாள். சொல்லிவிடலாம் என்று போனை இரண்டு தடவை எடுத்தாள். பிறகு, நாளைக்கு நன்றாகச் சுட்டு அணியில் இடம் கிடைத்துவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே இருக்காதே என்று ஒரு எண்ணம் வந்தது. மனசாட்சிக்குத் தூக்க மாத்திரை மாதிரி நல்ல எண்ணம். மருந்துக்கடைக்காரி அல்லவா, அளவாகப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டானிகா வந்தாள். கண் வீங்கியிருந்தது. பச்சைப் பெட்டியை நோலீன் அவள் கையில் கொடுத்துவிட்டு, இன்றைக்குக் குழிக்குப் போக மாட்டேன் என்று டட்டனிடம் சொல்லிவிட்டாள். சுடும் மேட்டுக்குப் பின்னால் நின்றாள். பத்துச் சூடு. பத்தும் ஐந்து. கடைசி வட்டு நடு வட்டத்தின் நட்டநடுவில் ஏறி நின்றபோது, ஊரே கைதட்டியது. டானிகா படுத்தபடியே முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

ஐம்பது. நேற்றைய நாற்பத்தொன்றோடு சேர்த்துத் தொண்ணூற்றொன்று. மாநில ஆட்கள் மதியத்துக்குப் பிறகு பட்டியலைப் படித்தார்கள். எட்டாவதாக எடுக்கப்பட்டவனுக்குத் தொண்ணூற்று மூன்று.

இரண்டு புள்ளி. நாலாவது சூட்டுக்குப் பிறகு ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தோட்டாவை மாற்றச் சொல்லியிருந்தால், இரண்டு புள்ளி ஒரு பொருட்டே இல்லை. நோலீன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதுதான் வந்தது.

டீ நேரம். கோப்பை மெர்வினுக்கு. அவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லாமிங்டன் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டானிகா நேராக அவனிடம் வந்தாள். பக்கத்தில் நோலீன் கோப்பைகளில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள், ஜாய்ஸ் பாலை நீட்டிக்கொண்டிருந்தாள், டட்டன் சர்க்கரைக்குக் காத்திருந்தான்.

“மெர்வின், உங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும்.”

“எதுக்கும்மா?”

“நேத்து மனசுக்குள்ள உங்க தோட்டாவைத்தான் திட்டினேன். இந்த மனுஷன் ஏதோ குப்பையைக் குடுத்துட்டாருன்னு அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். இன்னைக்கு அதே பெட்டி, அதே தோட்டா, ஐம்பது விழுந்துருச்சு. அப்போ நேத்து தப்பு என் மேலதான். தெரிஞ்சுக்கிட்டது நல்லதுக்குத்தான். தேங்க்ஸ்.”

மெர்வின் முகம் கோதுமை வயல் மாதிரி விரிந்தது. “அட விடும்மா. எல்லாருக்கும் ஒரு கெட்ட நாள் வரும். தோட்டாவைப் பொறுத்தவரை, நம்ம ஷெட்டுலேருந்து வந்தா...”

“அதே தோட்டா இல்ல,” என்றாள் நோலீன்.

டீ கோப்பை விளிம்பைத் தாண்டித் தட்டில் வழிந்துகொண்டிருந்தது. ஊற்றுவதை நிறுத்த அவளுக்குத் தோன்றவில்லை. ஜாய்ஸ்தான் கெண்டியைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“இன்னைக்கு நீ சுட்டது நேத்து சாயந்திரம் நான் போட்டது. நேத்து நீ சுட்டதும் நான் போட்டதுதான். அதுல நான் மருந்தை ஏத்தி இறக்கிப் போட்டிருந்தேன். வேணும்னே. இவனுக்காக.” மெர்வினைக் காட்டினாள். “இவன் கோட்டை விடணும்னு. உன் கைக்கு வரும்னு நான் நினைக்கல.”

பேச்சுக்குப் பஞ்சமே வராத ஜாய்ஸ்கூட வாயைத் திறக்கவில்லை. அதை யல்லாருவில் இன்றும் ஒரு சம்பவமாகச் சொல்வார்கள்.

“எனக்காகவா?” என்றான் மெர்வின் மெதுவாக. பிறகு, அவன் அவனாகவே இருக்க வேண்டுமே, “நான் சுட்டிருந்தா ரெண்டாவது தோட்டாவுலயே கண்டுபிடிச்சிருப்பேன்” என்றான்.

டானிகா அவனைப் பார்க்கவில்லை.

“உனக்கு எப்போ தெரியும்?” என்று நோலீனைக் கேட்டாள். நேற்றுவரை நீங்க என்றவள்.

“என்னது?”

“நான்தான் அதைச் சுடுறேன்னு. எப்போ தெரியும்?”

“நாலாவது சூட்டுல. டட்டன் கேட்டானே, அப்போ.”

“அப்புறம் நான் ஆறு சூடு சுட்டேன்.”

“ஆமா.”

“ரேடியோ?”

“எங்கிட்டதான் இருந்துச்சு.”

“சரியா இருக்குன்னு சொன்ன. நான் இங்க படுத்துக்கிட்டு கேட்டேன். சரியா இருக்குன்னு.”

“ஆமா.”

டானிகா கொண்டுவந்திருந்த பச்சைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். “அவருக்குக் குழி வெட்டினது உங்க வீட்டு விஷயம்,” என்றாள். “அதை நான் கேக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த வட்டைக் கையில எடுத்துச் சொருகினியே, அதை மட்டும் எப்படிச் செஞ்சன்னு சொல்லு.”

நோலீன் தட்டில் வழிந்த டீயைத் துடைக்கத் துணி எடுத்தாள். டானிகா வண்டியை நோக்கி நடந்தாள். பச்சைப் பெட்டியைக் கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

டட்டன் தன்னால் ஆனதைச் செய்தான். மாநில ஆட்களுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினான். சுடுகிறவரின் தோட்டாவுக்குச் சுடுகிறவரே பொறுப்பு என்று அவர்கள் இரண்டு வரியில் பதில் போட்டார்கள். அடுத்தவர் தோட்டாவை வாங்கியதற்கு டானிகாவுக்கும் கொடுத்ததற்கு மெர்வினுக்கும் கிளப்பில் கண்டிப்பு எழுதி ஒட்டினார்கள். நோலீன் செய்ததற்கு விதிப்புத்தகத்தில் பெயரே இல்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மூன்று தடவை டட்டன் வீட்டுக்குப் போய், எனக்கும் ஏதாவது எழுதிப் போடு என்று கேட்டாள். அவன் டீ கொடுத்து அனுப்பினான்.

சைலோ வாசலில் இரண்டு தடவை நின்றாள். டானிகா முதல் தடவை லாரிகளுக்குப் பின்னால் போய்விட்டாள். இரண்டாம் தடவை வெளியே வந்து, “நோலீன், நீ மன்னிப்புக் கேக்கிறதுக்கு நான் நேரம் ஒதுக்கணும்னா அதுக்கும் என் இன்னொரு சனிக்கிழமைதான் போகும்” என்று மரியாதையாகவே சொன்னாள். அதற்குப் பிறகு நோலீன் அந்தப் பக்கம் போகவில்லை. ரொட்டி வாங்கக்கூட அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

மெர்வின் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே கொடுத்தான். விதைப்பு வரை மிச்சமிருந்த சனிக்கிழமைகளில் தன் தோட்டாவைத் தானே போட்டுக்கொண்டு சுட்டான். ஒரு சனிக்கிழமை முப்பத்திரண்டு, ஒரு சனிக்கிழமை இருபத்தொன்பது. பப்பில் யாரும் சிரிக்கவில்லை. பழைய கோப்பைகளைப் பற்றி வெளியூர்க்காரன் ஒருத்தன் விசாரித்தபோது, “அதெல்லாம் என் பொண்டாட்டி சம்பாதிச்சது, நான் கைப்பிடியை இழுத்தேன்” என்றானாம். நோலீனுக்கு இந்தச் சேதி வந்து சேர்ந்தது. கொண்டுபோனது யார் என்று சொல்லத் தேவையில்லை. கேட்டுவிட்டு, “இப்போ சொல்லி என்ன” என்று மட்டும் சொன்னாள். உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே போனாள்.

டானிகா மறு வருஷம் குவீன்ஸ்லாந்து பக்கம் டூவும்பாவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். துப்பாக்கியை விற்கவில்லை. அதற்கடுத்த வருஷம் அந்த மாநில அணியில் இடம் கிடைத்தது. கல்யாணம் செய்துகொண்டது தேனீ வளர்க்கிற ஒருவனை, துப்பாக்கியின் எந்த முனையிலிருந்து குண்டு வருகிறது என்றுகூட அவனுக்குத் தெரியாதாம். கல்யாணப் பத்திரிகை யல்லாருவில் பாதிப் பேருக்கு வந்தது. நோஸ்கே வீட்டுக்கு வந்த உறையில் மெர்வின் பெயர் மட்டும் இருந்தது. நோலீன் அவன் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பிவைத்தாள். அவன் அங்கே விடியும்வரை ஆடினான் என்று கேள்வி.

அவன் திரும்பி வந்த மாதமே நோலீன் ஹாமில்டனில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அருகில் குடிபோனாள். பிரிவு என்று யாரும் சொல்லவில்லை, தங்கைக்கு முட்டிவலி என்றுதான் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து மெர்வினும் பெட்டி படுக்கையோடு போய்ச் சேர்ந்தான். சேர்ந்துதான் இருக்கிறார்கள். அந்த ஊரிலும் துப்பாக்கிக் கிளப் இருக்கிறது, இரண்டு பேரும் போவதில்லை. யல்லாரு வீட்டை மெல்போர்னிலிருந்து வந்த ஒரு தம்பதி வாங்கினார்கள். ஷெட்டை இடித்துவிட்டுக் கோழி வளர்க்கிறார்கள். கணவனும் மனைவியும் சண்டையே போடுவதில்லை. ஜாய்ஸின் ரோஜாக்கள் இப்போது வாடிக் கிடக்கின்றன.